இடுப்போடு நிறுத்துவதா, மார்பு வரை ஏற்றுவதா? பழைய மாதிரி டெனிம் வாங்குகிறவர்களுக்கு

இந்த வருஷம் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். முதலில் பெரியம்மா மகன். மரப்பட்டறை வைத்திருக்கிறார். "தம்பி, நூறு வருஷத்துக்கு முந்தி அமெரிக்காவுல வேலைக்காரங்க போட்ட டெனிமை அதே மாதிரி இப்பவும் தைச்சு விக்கிறாங்களாமே. நாலு தினுசு காட்டுறான். எதை வாங்குறது?" அடுத்தவர் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர், தினமும் பைக்கில் முப்பது கிலோமீட்டர் போய்வருகிறவர். மூன்றாவது, நாடகக் குழு நடத்தும் ஒரு தோழி. 1880களில் நெவாடா சுரங்கத்தில் நடக்கிற கதையாம். "எதைப் போட்டாலும் ஜீன்ஸ்தானே?" என்றாள்.

அப்படி இல்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை. அந்தக் காலத்தில் அதற்கு ஜீன்ஸ் என்ற பெயரே புழக்கத்தில் இல்லை. ஓவரால் என்றார்கள். இடுப்போடு நிற்பது இடுப்பு ஓவரால், மார்பு வரை ஏறுவது மார்பு ஓவரால். லீவைஸ் நிறுவனமே 1960 வாக்கில்தான் தன் சரக்கை ஜீன்ஸ் என்று அழைக்கத் தொடங்கியது.

## எதை வைத்து அளப்பது

நான் பார்ப்பது ஐந்து விஷயம். எந்த இடத்தில் முதலில் கிழியும்? குனிந்து நிமிரும்போது எங்கே இழுக்கும்? தண்ணீர் பட்டால் எவ்வளவு சுருங்கும்? அவசரத்துக்குக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்? அப்புறம், நாற்காலி, பைக் சீட், சுவர் இதையெல்லாம் அது என்ன பாடு படுத்தும்? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வாங்கின பிறகு வீட்டுக்காரர்கள் கேட்பார்கள்.

இவற்றுக்கு விடை தேட எனக்குப் பழைய விளம்பரங்களே உதவுகின்றன. அவை உண்மை பேசும் என்பதற்காக அல்ல. ஒரு விளம்பரம் எந்த இடத்தைக் காட்டி மார்தட்டுகிறதோ, அதற்கு முன்னால் வாங்கினவர்களுக்கு அந்த இடம்தான் பிரிந்து தொங்கியிருக்கும்.

## ரிவெட் அடித்த இடுப்பு ஓவரால்: 1873 முதல் 1910கள் வரையிலான மாதிரி

நெவாடா மாநிலம் ரீனோ ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்றொரு தையல்காரர். இன்றைய லாட்வியாவின் ரிகாவில் பிறந்து பிழைப்புத் தேடி வந்தவர். குதிரைப் போர்வை, கூடாரம், வண்டி மூடுதுணி என்று முரட்டுத் துணிதான் அவர் கைக்கு வரும். 1870 முடிந்து 71 பிறக்கும் சமயத்தில் ஒரு பெண் வந்து, தன் கணவர் போடுகிற எதுவும் நிற்பதில்லை, உறுதியாக ஒன்று தைத்துக் கொடுங்கள் என்றார். விலை 3 டாலர். டக் என்ற கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணியில் தைத்து முடித்த டேவிஸின் கண்ணில், குதிரைப் போர்வைக்கு வார் பொருத்த வைத்திருந்த செம்பு ரிவெட்டுகள், அதாவது தட்டி இறுக்கும் குட்டி ஆணிகள், பட்டன. பாக்கெட் மூலைகளில் அடித்துவிட்டார். கூலியாள் கல்லையும் சுத்தியலையும் பாக்கெட்டில் திணித்தால் முதலில் வாய் பிளப்பது அந்த மூலைதான்.

ஊரெல்லாம் கேட்க ஆரம்பித்ததும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. தனக்குத் துணி அனுப்பும் சான்பிரான்சிஸ்கோ மொத்த வியாபாரி லீவை ஸ்ட்ராஸுக்கு 1872-ல் கடிதம் எழுதினார். எழுத்துப் பிழை நிறைந்த கடிதம். ரகசியம் பாக்கெட்டில் வைக்கும் ரிவெட்டில்தான் இருக்கிறது, தைத்து மாளவில்லை, அக்கம்பக்கத்தார் பொறாமைப்படுகிறார்கள், காப்புரிமை வாங்காவிட்டால் எல்லாரும் செய்துவிடுவார்கள் என்பது சாரம். மனுவுக்கான 68 டாலர் செலவை ஸ்ட்ராஸ் ஏற்க, இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தார்கள். 1873 மே 20 அன்று 139,121 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. தங்க வேட்டைக்காரர்களுக்குக் கூடாரத் துணியைக் கிழித்து ஸ்ட்ராஸ் கால்சட்டை தைத்தார் என்று பள்ளிப் புத்தக பாணியில் ஒரு கதை சுற்றுகிறதே, அதை விட்டுவிடுங்கள். அவர் ஜவுளி மொத்த வியாபாரி. ஊசி பிடித்தவர் டேவிஸ்.

இந்த மாதிரியில் பெல்ட் மாட்ட லூப் கிடையாது. சஸ்பெண்டர் என்ற தோள்வார் கோக்கப் பட்டன்கள், இடுப்புக்குப் பின்னால் இறுக்கிக்கொள்ள ஒரு பட்டி, அதில் கூர்முனை வைத்த பக்கிள். பின்பக்கம் ஒரே ஒரு பாக்கெட். இரண்டாவது 1901-ல்தான் வந்தது. கவட்டையிலும் ஒரு ரிவெட் உண்டு. வேறொரு கால்சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொள்ளலாம் என்பதால் வெட்டு நன்றாகத் தொளதொளப்பாக இருக்கும்.

விளம்பரத்துக்கு வருவோம். 1886-ல் ஸ்ட்ராஸின் கம்பெனியான லீவைஸ் இடுப்பில் ஒரு தோல் துண்டைத் தைக்க ஆரம்பித்தது. இரண்டு குதிரைகள் எதிரெதிராக நின்று ஒரு கால்சட்டையைப் பிய்க்கப் பார்க்கின்றன, பக்கத்தில் சாட்டையோடு ஆட்கள். வாங்குகிறவர்களில் பலருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. "ரெண்டு குதிரை போட்டது குடு" என்று கடையில் கேட்டால் போதும். 1928 வரை அந்தச் சரக்கின் பெயரே இரட்டைக் குதிரைதான். நியூயார்க் மாநிலத்து ஸ்வீட்-ஆர் கம்பெனி, குதிரைக்குப் பதில் ஆறு ஆட்கள் கயிறு இழுப்பதுபோல் ஒரு கால்சட்டையை இழுக்கும் படம் போட்டது. சான்பிரான்சிஸ்கோவின் இன்னொரு கம்பெனி, கிழிக்கவே முடியாது என்று பொருள்படும் "கான்ட் பஸ்ட் எம்" என்பதையே பெயராக வைத்துவிட்டது. அதற்கு மேல் விளம்பரம் எதற்கு?

ஆனால் அந்தக் குதிரைப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது சோதிப்பது தையலை மட்டும். இரண்டு காலையும் நேராக இழுத்தால் எது முதலில் பிரியும் என்பதுதான் அங்கே கேள்வி. யாரும் வேலையில் அப்படி இழுபடுவதில்லை. முழங்கால் தேயும், தொடையிடுக்கு உரசும், பாதத்தடியில் மாட்டி விளிம்பு நைந்துபோகும். இவற்றுக்கு ரிவெட் ஒன்றும் செய்யாது. பாக்கெட்டில் கனம் போடும் ஆளுக்கு இந்த மாதிரி உண்மையிலேயே நல்லது. மண்டியிட்டு வேலை செய்கிறவருக்கு இதில் தனிப் பலன் எதுவும் இல்லை.

மறைமுகச் செலவு: சஸ்பெண்டர் தனியாக வாங்க வேண்டும். பின்பட்டி பக்கிள் சோபாவைக் கீறும், பைக் சீட்டைக் குத்தும். கவட்டை ரிவெட் பற்றி ஒரு பழைய கதை உண்டு: முகாமில் நெருப்புக்கு எதிரே குந்தியிருந்த கம்பெனித் தலைவருக்கே அது சூடேறிச் சுட்டுவிட்டதாம். கதை எப்படியோ, 1941 வாக்கில் அந்த ரிவெட் போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1882-ல் சீனர்கள் குடியேறுவதைத் தடுக்கும் சட்டம் வந்த காலத்தில், லீவைஸ் தன் சரக்கில் "வெள்ளையர் உழைப்பில் மட்டுமே செய்யப்பட்டது" என்ற பொருளில் ஒரு வரி அச்சிட்டது. பழைய சுரங்கம் ஒன்றிலிருந்து கிடைத்த 1880களின் கால்சட்டை 2022-ல் 87,400 டாலருக்கு ஏலம் போனதே, அதன் பாக்கெட் துணியிலும் அந்த வரி இருந்தது. குதிரை உறுதியைச் சொன்னது, இந்த வரி யாரை வெளியே தள்ளி விற்கிறோம் என்பதைச் சொன்னது. இரண்டும் ஒரே கால்சட்டையில்.

## மார்பு ஓவரால்: ரயில்காரர்களின் உடுப்பு

1889-ல் டெட்ராய்டில் ஹாமில்டன் கார்ஹார்ட் ஓவரால் தைக்க ஆரம்பித்தபோது அவர் கண் வைத்தது ரயில்வே தொழிலாளிகள் மேல். நாணயமான காசுக்கு நாணயமான சரக்கு என்பது அவருடைய கோஷம். தொழிற்சங்க முத்திரை பதித்து விற்பது இந்த வட்டாரத்தில் பெரிய விளம்பரம். சங்கத்தில் இருக்கும் ரயில்காரர் முதலில் தேடுவது அந்தச் சீட்டைத்தான். குதிரைப் படத்தைவிட இது புத்திசாலித்தனமான விளம்பரம் என்பேன். துணி கிழியாது என்று யாரும் சொல்லலாம், தைத்தவருக்கு ஒழுங்காகக் கூலி கொடுத்தோம் என்று எல்லாராலும் சொல்ல முடியாது.

மார்புத் துண்டில் கைக்கடக்கமாக ஒரு கடிகாரப் பாக்கெட், பென்சில் செருக ஒரு சந்து. 1891-ல் ஒஹையோவின் கிப்டன் அருகே இரண்டு ரயில்கள் மோதின. ஒருவரின் கடிகாரம் சில நிமிஷம் நின்று மறுபடி ஓடியதுதான் காரணம் என்றார்கள். அதற்குப் பிறகு ரயில்காரர்களின் கடிகாரத்துக்குக் கெடுபிடி கூடியது. குனிந்தாலும் விழாத இடத்தில், ஒரு கையால் எடுத்துப் பார்க்கிற உயரத்தில் கடிகாரம் இருக்க வேண்டியது தொழில் தேவையாயிற்று. நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஹிக்கரி துணியும் அவர்களுடையதுதான். கரியும் எண்ணெயும் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும்.

பட்டறை வேலைக்கு இதை அடிக்க ஆளில்லை. வயிற்றைப் பெல்ட் வெட்டாது. குனிந்தால் முதுகு தெரியாது. தோளில் தொங்குவதால் ஒரு சுற்றுப் பெரிதாக வாங்கினாலும் பரவாயில்லை, சுருங்கினாலும் சமாளிக்கலாம். ஆனால் மார்பில் கூடுதலாக ஒரு அடுக்கு டெனிம் இருப்பதால் வெயில் காலத்தில் வேர்த்துக் கொட்டும். மார்புப் பாக்கெட்டில் மரத்தூள் சேரும், துவைக்குமுன் தட்ட மறந்தால் வாஷிங் மெஷின் கூழாகிவிடும். கழற்ற இரண்டு கொக்கி.

ஒரு வேடிக்கை: 1920-ல் அமெரிக்காவின் தென்பகுதியில் துணி விலை ஏற்றத்தைக் கண்டித்து, வக்கீல்களும் குமாஸ்தாக்களும் "ஓவரால் கிளப்" தொடங்கி, கோட்டுக்குப் பதில் ஓவரால் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். எல்லாரும் வாங்க, ஓவரால் விலை ஏறிவிட்டது. கஷ்டம் அதை உண்மையிலேயே போட்டு உழைத்தவனுக்கு.

## ஒற்றை உடுப்பு: 1913-ன் யூனியன்-ஆல்

கான்சாஸ் மாநிலம் சலைனாவில் 1889-ல் மளிகை மொத்த வியாபாரமாகத் தொடங்கியது லீ. வேலை உடுப்புகளை வெளியிலிருந்து வரவழைத்தால் நேரத்துக்கு வருவதில்லை என்று சொந்தமாகத் தைக்க இறங்கி, 1913-ல் சட்டையையும் கால்சட்டையையும் ஒன்றாக்கி யூனியன்-ஆல் என்று விற்றது. கார் புதிதாக வந்த காலம். வண்டிக்கு அடியில் படுத்து எழுகிறவருக்குச் சட்டை வெளியே வராமல் இருப்பதே பெரிய விஷயம். முதல் உலகப் போரில் ராணுவமும் வாங்கியது.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்த வழியில்தான் வேலை டெனிம் திறந்தது. லீவைஸ் 1912-ல் குழந்தைகளுக்குக் கவரால்ஸ் என்ற ஒற்றை விளையாட்டு உடுப்பைக் கொண்டுவந்து, 1915-ல் சான்பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியில் அதைத் தைப்பதையே ஜனங்கள் பார்க்கும்படி இயந்திரங்களைப் போட்டு ஓட்டிக் காட்டியது. 1918-ல் பெண்களுக்கு ஃப்ரீடம்-ஆல்ஸ் வந்தது.

லீயின் விளம்பரம் வேறு மாதிரி. 1920-ல் மினியாபொலிஸ் நகரத்து டேட்டன் கடையின் கண்ணாடி ஜன்னலில் ஒரு பொம்மையை நிறுத்தி, அதே டெனிமில் சின்னதாக உடுப்புத் தைத்துப் போட்டார்கள். பெயர் பட்டி லீ. உருண்டைக் கண், பக்கவாட்டுப் பார்வை. பார்க்க வந்தவர்கள் உடுப்பை விட்டுவிட்டுப் பொம்மையை விலைக்குக் கேட்டார்கள். 1962 வரை அந்தப் பொம்மை விற்றது. இழுத்துக் காட்டும் குதிரைகள் இருந்த இடத்தில் சிரிக்கும் பொம்மை வந்து உட்கார்ந்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. கிழியாது என்ற பேச்சுக்கு அங்கே வேலையே இல்லை. பார்க்க ஆசையாக இருந்தால் போதும்.

இதில் உள்ள சங்கடத்தை எந்த விளம்பரமும் சொல்லாது: அவசரம் வந்தால் தோளிலிருந்து முழுதும் கழற்ற வேண்டும். உடல் நீளத்துக்குச் சரியாக அமையாவிட்டால் கை தூக்கும்போதெல்லாம் கவட்டை பிடித்து இழுக்கும். சுருங்கும் துணியில் இதை வாங்கவே வாங்காதீர்கள். காரேஜில் இரண்டு மணி நேரம் போட்டுக் கழற்றுகிறவருக்குப் பிரமாதம். நாள் முழுதும் போடுகிறவருக்கு நான் சொல்லமாட்டேன்.

## பெல்ட் காலத்து இடுப்பு ஓவரால்: 1922 முதல் 1937 வரை

1922-ல் லீவைஸ் பெல்ட் லூப் வைத்தது. ஆனால் சஸ்பெண்டர் பட்டனையும் பின்பட்டியையும் எடுக்கவில்லை. பழைய ஆட்களை விட்டுவிட மனசில்லை. 1924-ல் லீ, சதுர கெஜத்துக்கு 13 அவுன்ஸ் எடையுள்ள டெனிமில் 101 என்ற கௌபாய் கால்சட்டையைக் கொண்டுவந்தது, 1926-ல் அதற்கு ஜிப் வைத்தது. 1936-ல் பின்பாக்கெட் ஓரத்தில் லீவைஸின் பெயர் போட்ட சின்னச் சிவப்புத் துணிச்சீட்டு. தூரத்திலிருந்தே யார் சரக்கு என்று தெரிய வேண்டுமாம். 1937-ல் பின்பாக்கெட் ரிவெட்டைத் துணிக்குள் மறைத்தார்கள், சஸ்பெண்டர் பட்டனும் போனது. குதிரைச் சேணமும் வீட்டு நாற்காலியும் கீறிப்போகின்றன என்று வந்த புகார்தான் காரணம். ரிவெட்டைக் காணோமே என்று ஆட்கள் தேடுவார்களே, அதற்காக "ரிவெட் உள்ளேதான் இருக்கிறது" என்று பாக்கெட்டில் ஒரு அட்டை!

விளம்பரம் மார்தட்டும் இடமே கிழியும் இடம் என்று நான் சொன்ன சூத்திரம் இங்கே பாதிதான் பலிக்கிறது. அந்த அட்டை இன்னும் கிழிசலைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் 1930களின் விளம்பரங்களில் சுரங்கத் தொழிலாளி காணாமல் போய், குதிரை மேல் கௌபாய் வந்துவிட்டான். நகரத்துப் பணக்காரர்கள் விடுமுறைக்குப் பண்ணையில் தங்கிக் கௌபாய் வேஷம் கட்டிய காலம் அது. 1934-ல் பெண்களுக்கென்று லேடி லீவைஸ் வந்து, அடுத்த வருஷமே வோக் என்ற ஃபேஷன் பத்திரிகையில் இடம் பிடித்தது. இந்த விளம்பரங்களை வைத்து எங்கே கிழியும் என்று கண்டுபிடிக்க முடியாது. யாரைப் போல் தெரிய ஆசைப்பட்டார்கள் என்று வேண்டுமானால் தெரிந்துகொள்ளலாம்.

இன்றைய உடம்புக்கும் வாழ்க்கைக்கும் மிக நெருக்கமானது இதுதான். உட்கார்ந்து வேலை செய்கிறவர், வண்டி ஓட்டுகிறவர் இதைத் தாண்டி யோசிக்கத் தேவையில்லை. 1937-க்கு முந்தைய மாதிரியைப் பைக்கில் போட்டால் மட்டும், பின்பக்கத்து நாலு ரிவெட்டும் சீட் ரெக்சினில் கையெழுத்துப் போடும்.

## துணியிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும்

எந்த மாதிரி என்பதோடு, முன்பே சுருக்கிய துணியா, சுருக்காததா என்பதும் கேள்வி. சான்ஃபர்ட் க்ளூயட் கண்டுபிடித்த சான்ஃபரைஸ் முறை 1930களில் பரவியது. அதற்குப் பிறகு சுருக்கம் ஒரு சதவீதத்துக்குள் அடங்கிவிட்டது. அதற்கு முந்தைய டெனிம் நீளத்தில் பத்து சதவீதம் வரை உள்ளே போகும்.

எனக்கு ஒரு முறை நேர்ந்தது. சுருக்காத துணி என்று கடையில் யாரும் சொல்லவில்லை, நானும் சீட்டைப் படிக்கவில்லை. 32 அங்குல உள் நீளம் கச்சிதமாக இருந்தது. வெந்நீர் வாளியில் முக்கி, மாடிக் கொடியில் காயப்போட்டு எடுத்தால் கணுக்காலுக்கு மேல் மூன்று விரல் ஏறி நிற்கிறது. வாளித் தண்ணீர் பேனா மை கரைத்த மாதிரி. டெனிமில் பாவு நூலுக்கு மட்டும்தான் நீலம், ஊடை வெள்ளை. அந்தப் பாவு நூலிலும் சாயம் மேலோடு நின்றுவிடும், உள்ளே வெள்ளைதான். அதனால்தான் அது தேயத் தேய வெளுக்கிறது, உட்கார்ந்த இடத்திலெல்லாம் ஒட்டுகிறது. வெள்ளைச் சுவரில் சாய்ந்த தடம் இன்னும் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.

செல்வெட்ஜ் என்று கூடுதல் விலை சொல்வார்கள். பயப்பட வேண்டாம், சேலைக்குக் கரை மாதிரிதான். பழைய குறுகிய தறியில் நெய்ததால் ஓரம் தானாகவே கட்டுப்பட்டிருக்கும். காலை மடித்துப் போட்டால் அழகு. அதனால் மட்டும் துணி அதிகம் உழைத்துவிடாது.

| மாதிரி | யாருக்கு ஏற்றது | முதலில் போகும் இடம் | மறைமுகத் தொல்லை |
|---|---|---|---|
| ரிவெட் இடுப்பு ஓவரால் | பாக்கெட்டில் கருவி வைப்பவர், மேடை | முழங்கால், தொடையிடுக்கு | சஸ்பெண்டர் செலவு, பக்கிள் கீறல் |
| மார்பு ஓவரால் | பட்டறை, தோட்டம் | முழங்கால், கொக்கிப் பட்டி | வேர்வை, தூசு |
| ஒற்றை உடுப்பு | காரேஜ், பெயின்ட் வேலை | கவட்டை | கழற்றும் சிரமம் |
| 1922–37 இடுப்பு ஓவரால் | பைக், அலுவலகம் | தொடையிடுக்கு | பின் ரிவெட் (1937-க்கு முன்) |

## மூன்று பேரும் எடுத்தது

அண்ணனுக்கு மார்பு ஓவரால்தான் என்று அடித்துச் சொன்னேன். ஹிக்கரி கோடு போட்டதை எடுத்தார், மரத்தூள் தெரிவதில்லை. முழங்காலில் மட்டும் உள்பக்கமாக ஒரு ஒட்டுத் துணி வைத்துத் தைத்துக்கொள்ளச் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரருக்கு 1937 மாதிரி, சுருக்கிய துணியில். அவர் ஜிப்தான் வேண்டும் என்று அடம் பிடித்து லீ பாணிக்குப் போனார். அதிலும் பின்பாக்கெட்டில் ரிவெட் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துத்தான் வாங்கினார்.

தோழிக்குத்தான் கறாராகச் சொல்ல வேண்டியிருந்தது. 1880கள் என்றால் முதல் மாதிரி மட்டும்தான். பெல்ட் தெரிந்தால் கதை கெட்டது, சஸ்பெண்டரும் பின்பட்டியும் கட்டாயம். பாக்கெட் துணியில் அந்த வெள்ளையர் வரியை அச்சிட்டு, ஒரு காட்சியில் அதை வெளியே இழுத்துக் காட்டலாமா என்று அவளே கேட்டாள். ஒரு சீனத் தொழிலாளி பாத்திரம் இருக்கிறதாம். தாராளமாக, என்றேன். ஒத்திகை நடக்கிறது. ஹீரோவுக்கு ஒரே ஒரு குறை: பின்னால் ஒரு பாக்கெட்தான் இருக்கிறது, அதில் பர்ஸ் இருக்கிறது, செல்போனை எங்கே வைப்பது என்று தினமும் கேட்கிறாராம்.